முப்பத்தெட்டாம் மாடியில் மழை

என் வேலை பாதங்களோடு.
வருகிறவர்களின் செருப்புக்கு மேல்
நீலத் துணி உறையை மாட்டிவிடுவது.
கண்ணாடியில் கீறல் விழக் கூடாதாம்.
உள்ளூராருக்கு ஆயிரத்து ஐந்நூறு,
வெளிநாட்டாருக்கு இருபது டொலர்.
ஒரே பயத்துக்கு இரண்டு விலை.

இரண்டு கோபுரங்களுக்கு நடுவே
அறுபத்தோரு அடி.
சீனத்து மலைகளில் இப்படிப் பாலங்கள் உண்டாம்,
அடியில் ஆறு ஓடுமாம், மேகம் போகுமாம்.
கொழும்பில் பள்ளத்தாக்குக்கு எங்கே போவது?
கட்டடத்தை ஏற்றி ஏற்றி
பள்ளத்தை உண்டாக்கிக்கொண்டார்கள்.
அதன் அடியில்
கொம்பனித்தெருவில் மிச்சமிருக்கும் எங்கள் ஒழுங்கை.

முதல் எட்டில் எல்லோரும் ஒரே ஆள்தான்.
வங்கி மனேஜர் கம்பியை இரண்டு கையாலும் பிடிக்கிறார்.
கலியாணம் முடித்த கையோடு வந்தவள்
தாலிக்கொடியைப் பல்லில் கடித்துக்கொள்கிறாள்.
நேற்று ஒருவர் மறுகரைக்குத் தவழ்ந்தே போனார்;
எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டு,
போனில் சொன்னார்:
"சும்மா ரோட்டில நடக்கிற மாதிரித்தான்."

உனக்குப் பயமில்லையா என்று கேட்கிறார்கள்.
முதல் கிழமை இருந்தது.
பிறகு ஒரு மத்தியானம்
நாலு பழைய டயர் ஏற்றிய தகரம் ஒன்று
என் கூரை என்று பிடிபட்டது.
பக்கத்துக் கொடியில் சிவப்பாய் ஒன்று,
என் துவாய்.
தன் துவாயைப் பார்த்து
யாருக்காவது தலை சுற்றுமா?

அன்றிலிருந்து
மழை கடலால் வருவதை
ஒழுங்கையில் முதலில் காண்பவள் நான்.
காலிமுகத்திடலுக்கு அப்பால், கப்பல்கள் நிற்கிற இடத்தில்
சாம்பல் சேலை ஒன்று தொங்கும்,
நிற்பதுபோல நிற்காமல் வரும்.
பேர வாவி கறுக்கும் முன்
போனை எடுத்துவிடுவேன்.
"துவான் அண்ணே, உடுப்பை எடுங்கோ,
ஏழு நிமிசம் இருக்கு."
கீழே வெள்ளைத் தொப்பி ஒன்று
எறும்பளவில் ஓடும்:
தன் வீட்டுக் கொடி, என் வீட்டுக் கொடி,
நஸ்லியா வீட்டுப் பிள்ளைச் சீலைகள்.
என் முதுகுக்குப் பின்னால் ஆட்கள் கத்துவார்கள்,
"ஐயோ, விழப்போறன், விழப்போறன்!"
"அந்த நீலச் சட்டையை விட்டிட்டீங்கள்," என்பேன் நான்.

சித்திரையில் முறைப்பாடு வந்தது.
இருபது டொலர் குடுத்துத் தகரமா பார்க்கிறது?
ஒரு வெள்ளி இரவு நாலு பேர் வந்து
நடுக் கண்ணாடிகள் ஆறிலும் படம் ஒட்டினார்கள்.
பைன் மரங்கள், செம்பாறை,
ஆழத்தில் நூல்போல ஓர் ஆறு.
அது சரியாக என் கூரைக்கு மேலால் ஓடுகிறது.

இப்போது கூச்சல் இன்னும் கூட.
இருக்கிற ஆழத்துக்கு நடுங்கியதைவிட
அச்சடித்த ஆழத்துக்கு நடுங்குகிறார்கள்.
வசூல் நல்லம் என்கிறான் சுப்பவைசர் திலங்க.
மழை வருவது எனக்கு இப்பவும் தெரியும்.
உடுப்பு கொடியில் கிடக்கிறதா,
தொப்பி ஓடுகிறதா,
அது தெரியாது.
வைகாசியில் நீலச் சட்டை மூன்று முறை நனைந்து
தோளில் பூஞ்சணம் பிடித்துவிட்டது.

காலை ஆறரைக்கு நான் துடைக்கிற நேரம்.
பைன் காட்டில் முழங்கால் ஊன்றி
ஆறு வளைகிற இடத்தில்
நகத்தால் கிளப்பினேன்.
பத்து ரூபாய்க் குற்றியளவு, அவ்வளவுதான்.

பதினொரு மணிக்கு ஒரு சின்னப் பெண்,
முன்பல் விழுந்தவள்,
படத்துக்கு நிற்கச் சொன்னால் குப்புறப் படுத்துவிட்டாள்.
ஒரு கண்ணை மூடி, மற்றக் கண்ணை ஆற்றில் வைத்து,
"அம்மா, ஆத்துக்குள்ள ஒராள்
உடுப்புக் காயப்போடுறார்."
"பொய் சொல்லாதை மிதுஷா, எழும்பு."
அவள் எழும்பவில்லை.
வாசலில் வரிசை நீண்டது.
உறை மாட்டுகிற சாட்டில் அவளருகே குனிந்து கேட்டேன்:
என்ன நிறம்?

"நீலம்."

கடல் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.
இன்னும் இருபது நிமிசம் இருக்கும்.